டப்பாவில் வந்த பனி

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் கரிசல்காட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குழம்பு வாங்கின கிண்ணத்தில் ரெண்டு கத்தரிக்காயாவது போட்டுக் கொடுப்பார்கள், கத்தரிக்காய் இல்லாத வீட்டில் ஒரு கைப்பிடி கம்பு, கம்பும் இல்லாத வீட்டில் ஒரு கொத்து முருங்கைக் கீரை. ஒன்றுமே இல்லாதவள் கிண்ணத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, கொடுத்தவளைத் தெருவில் கண்டால் வேறு சந்தில் திரும்பிப் போவாள். இந்த வழக்கத்தால் ஊருக்குள் உறவும் வளர்ந்திருக்கிறது, பகையும் வளர்ந்திருக்கிறது. நல்லமுத்தன்பட்டிக்குள் பனி வந்ததும் இதனால்தான்.

கோவில்பட்டி பஸ் திரும்புகிற முக்கில் அப்போது ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒரு தகரக் கொட்டகை, ரெண்டு அடுப்பு, சொளகு பிடித்துக் கடலை புடைக்கப் பெண்டுகள், அவ்வளவுதான். அங்கே பாகு காய்ச்சுகிறவள் சீனித்தாய். வெல்லம் கொதித்து வருகையில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருண்டதைத் தட்டில் போட்டு, அது விழுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பை விட்டு இறக்கச் சொல்வாள். மற்றவர்கள் கண்ணால் பதம் பார்ப்பார்கள், சீனித்தாய்க்குக் காதுதான் எல்லாம். "உங்க மதினிக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம் எறும்பு ஊர்றதும் கேக்கும்" என்று அவள் புருசனே ஊரில் சொல்லித் திரிவான்.

மிட்டாய் வாங்க வந்த பட்டாளத்தார் ஒருநாள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அவர் பேர் சங்கிலி, ஆனால் பட்டாளத்திலிருந்து ஓய்வாகி வந்த பிறகு அந்தப் பேர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

"எல்லையில மலை உச்சியில செல்போனு எடுக்காது தாயி. தபால் வார அன்னைக்கு எல்லாரும் வரிசையா நிப்பான். பேரு வாசிக்க வாசிக்க ஒவ்வொருத்தனா வாங்கிட்டுப் போவான். நம்ம பேரு வராதுன்னு தெரிஞ்சவனும் நிப்பான். கடைசி வரைக்கும் நிப்பான். பொறவு குனிஞ்சு பூட்சுக் கயித்தை அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டே இருப்பான்."

அந்தப் பூட்சுக் கயிறு பெண்டுகளுக்கு மனசை விட்டுப் போகவில்லை. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கடலைத்தோலைப் பெருக்கி ஒதுக்கிவிட்டு, கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கடுதாசி வராத நம் பக்கத்துப் பையன்கள் பேர்களையெல்லாம் பட்டாளத்தார் விசாரித்து வாங்கி வந்திருந்தார்.

"முகம் தெரியாத ஆம்பளைக்கு என்னத்தை மாமா எழுத?"

"ஊர்ல நடக்கிறதை எழுது."

"ஊர்ல என்ன நடக்கு? குழாயடிச் சண்டைதான் நடக்கு."

"அதை எழுது."

அப்படித்தான் சீனித்தாய் உச்சிமாகாளி என்கிற பையனுக்கு எழுத ஆரம்பித்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். தாய் இல்லை, தகப்பன் எங்கேயோ போய்விட்டான், வளர்த்த மாமனும் செத்துப்போனான். சீனித்தாய்க்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும், வாயில் வருகிறபடியே எழுதுவாள். ஒரு தகர டப்பாவில் கடலைமிட்டாயைத் தாளில் பொதிந்து அடுக்கி, ஒவ்வொரு பொதிக்கும் சிவப்பு நூலில் தனக்கென்று ஒரு முடிச்சுப் போட்டு, பழைய வேட்டித் துணியில் டப்பாவைச் சுற்றித் தைத்து அனுப்புவாள். அவன் பதிலில் நாலே வரிதான் இருக்கும். "மிட்டாய் கல்லு மாதிரி ஆயிருச்சு அக்கா, அடுப்புல காட்டித்தான் கடிக்கோம். பச்சைக் குடத்தைப் பறிகொடுத்த அந்த அம்மா அப்புறம் என்ன செஞ்சாக? அதை எழுதாம விட்டுட்டீகளே."

எல்லாரும் எழுதினார்கள், குருவம்மாளைத் தவிர. அவள் கம்பெனியில் சொளகு பிடித்துக் கடலை புடைக்கிறவள், சீனித்தாய்க்குச் சேக்காளி. ஒரே மகன் வேல்ராசு பட்டாளத்துக்குப் போய் அதே மலையில் பனிக்குள் புதைந்து செத்தான். கொடி போர்த்திப் பெட்டி வந்தது, பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள், திறக்காமலே எரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேனா வெளியே வருகிற நேரத்துக்குக் குருவம்மாள் சொளகைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்து போய்விடுவாள்.

டப்பா திரும்பி வந்தது பங்குனி முடிகிற சமயம். லீவில் வந்த வேறொரு பையன் கொண்டுவந்து கொடுத்தான். சீனித்தாய் மூடியைத் திறந்தாள். உள்ளே முக்கால் டப்பாவுக்குப் பனி இருந்தது, இடித்த பச்சரிசி மாவு போல வெள்ளையாக, பொலபொலவென்று. கூடவே ஒரு துண்டுத் தாள். "டப்பாவை வெறுமையாக் கொடுத்தா மரியாதை இல்லை அக்கா. இங்கே வேற ஒண்ணும் முளைக்காது."

"ரயிலுக்குள்ள அம்புட்டு வெக்கை" என்றான் கொண்டுவந்தவன். "திறந்து பாத்தேன் அக்கா, ஒரு சொட்டுக் கூடக் கரையல. நான் பேசாம மூடி வச்சுட்டேன்."

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழையில்லாத வருசங்களில் வேப்பமரத்தில் பால் வடிந்ததைப் பார்த்த ஊர் அது. அவர்கள் தர்க்கம் பண்ணியதெல்லாம் வேறு விசயம்: கடலைமிட்டாய்க்குப் பனி சரியான பதில்முறைதானா, இல்லை பையன் குறைத்துச் செய்துவிட்டானா என்று டீக்கடையில் ரெண்டு கட்சியாகிப் பேசினார்கள். கடைசியில், இருக்கிறதைக் கொடுத்தவன் குறைத்துக் கொடுத்தவன் ஆகமாட்டான் என்று தீர்ப்பாயிற்று. முறையாக வந்த பண்டத்தை ஒரு வீட்டிலேயே வைத்துத் தின்றால் நன்றாக இருக்காதே, சீனித்தாய் கேட்டவர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கொடுத்தாள்.

அந்தக் கோடையைப் பனியோடு கழித்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளின் நெற்றியில் துணியில் முடிந்து வைத்தார்கள். மேலத்தெருவில் ஒரு கிழவர் செத்தபோது வெளியூர் மகள் வந்து சேருகிற வரைக்கும் அவர் நெஞ்சின் மேல் வைத்தார்கள். சர்பத் கடைக் கந்தையா தன் பங்கை உருட்டி ஒரு நூலில் கட்டி வைத்துக்கொண்டு, வருகிறவன் தம்ளரிலெல்லாம் முக்கி எடுத்து, குடித்து முடிந்ததும் கழுவி அடுத்தவனுக்கு முக்குவார்.

"அண்ணாச்சி, எல்லார் எச்சியும் அதுலதான இருக்கு?"

"கரையாத பண்டத்துல எச்சி எங்கலே ஒட்டும்? குடி, குடிச்சிட்டு நாயம் பேசு."

குருவம்மாளும் வந்து கேட்டாள். எல்லாரும் வாங்கிப் போன பிறகு, கொட்டகை வாசலில் நின்று, "எனக்கும் கொஞ்சம் கொடு சீனி" என்றாள். முந்தானையை விரித்து ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு போனாள். அதை அவள் காய்ச்சலுக்கும் வைக்கவில்லை, தண்ணீரிலும் போடவில்லை. வேல்ராசுவின் இரும்புப்பெட்டியில் அவன் சட்டைகளின் மேல் வைத்துப் பூட்டினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

இன்னொன்றும் இருந்தது. டப்பாவில் மிஞ்சின பனியில் காதை வைத்தால் சத்தம் கேட்டது. முதலில் சீனித்தாய்க்குத்தான் கேட்டது, பிறகு பழகப் பழக மற்றவர்களுக்கும். சில நாள் காற்று ஊளையிடும், சில நாள் பூட்சுக்கால் நடக்கும். "இன்னைக்கு அங்க காத்து சாஸ்தி போலுக்கு" என்பாள் ஒருத்தி. "இப்பத்தான் என்னமோ கொதிக்குது, டீ போடுதான்" என்பாள் இன்னொருத்தி. கடலை புடைத்துக்கொண்டே அதையும் கேட்டுக்கொள்வார்கள். குருவம்மாளின் சொளகு மட்டும் அந்தப் பேச்சு வந்தால் வேகமாக ஆடும்.

குழாயடிச் சண்டை சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை ஒருவழியாக முடிந்தது. நடந்த கூத்தை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உச்சிமாகாளிக்கு விலாவாரியாக எழுத வேண்டும் என்று சீனித்தாய் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் வீட்டு அடுக்களையில் டப்பாவின் மூடி தானாகக் கழன்று விழுந்தது.

பனி பொங்கிக்கொண்டிருந்தது. பால் பொங்குவது போல அல்ல, மாவு புளித்து மேலே வருவது போல, அவசரமில்லாமல், நிறுத்தமுமில்லாமல். டப்பாவை மூடி, அடுப்பை மூடி, உரலை மூடி, வாசல்படி வரை வந்தது. தெருவுக்கு ஓடி வந்து பார்த்தால் ஊரெல்லாம் அதே கதை. பனி வாங்கின வீடுகள் எல்லாவற்றிலும் ஜன்னல் வழியாக வெள்ளை பிதுங்கியது. சர்பத் கடை பெஞ்சி முங்கிப்போய், பாட்டில் வரிசையின் தலைகள் மட்டும் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தன. கந்தையா பஸ் ஸ்டாப் மேடையில் ஏறி நின்றுகொண்டு, "யாருக்குடே இம்புட்டுச் சர்பத்து?" என்று கத்தினார். சிரித்தவர்களும் இருந்தார்கள்.

சீனித்தாய் சிரிக்கவில்லை. வாசலில் கிடந்த பனியை அள்ளி ஒதுக்கப் போனவள் கையில் ஒரு தாள் பொதி தட்டுப்பட்டது. பாதி பிரித்த பொதி, சிவப்பு நூல் முடிச்சு இன்னும் அவிழவில்லை. அது அவள் முடிச்சு. மாசி மாசம் போட்டு அனுப்பினது.

அவள் பனியில் காதை வைத்தாள். காற்றில்லை, நடையில்லை. ரொம்ப ஆழத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே பாகு ஒரு கொதி கொதித்து அடங்கிவிடும், அவ்வளவு இடைவெளி.

அந்த நேரத்துக்குப் பட்டாளத்தார் சட்டை கூடப் போடாமல் ஓடி வந்தார். டிவியில் சொல்கிறார்கள், எல்லையில் மலைச்சரிவு பெயர்ந்து ஒரு கூடாரமே பனிக்குள் போய்விட்டது, பேர் சொல்லவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள். சீனித்தாய் முடிச்சுப் போட்ட பொதியை அவர் முன்னால் நீட்டினாள். அவர் பார்த்தார்.

"மம்பட்டியை எடு" என்றார். "ஊர்ல இருக்கிற மம்பட்டி அம்புட்டையும் எடுங்கலே! அங்க அவன் மேல கெடக்கிறதுதான் இங்க வந்து கெடக்கு. சட்டுனு அள்ளணும்."

நல்லமுத்தன்பட்டி அன்றைக்குத் தோண்டியதுபோல அதற்கு முன்னாலும் தோண்டியதில்லை, பின்னாலும் தோண்டியதில்லை. ஆண்கள் வெட்டிக் கொடுக்க, பெண்கள் சும்மாடு கூட்டிக் கடகப்பெட்டியில் பனியைச் சுமந்து, அக்கினி நட்சத்திர வெயிலில் வியர்வையும் நடுக்கமும் ஒன்றாய்ச் சேர, பற்கள் கிட்டிக்கக் கிட்டிக்கக் கண்மாய்க்கரைக்கு ஓடினார்கள். கொடுத்து வந்த பனிதான் கரையாமல் இருந்தது, தானாக வந்த இந்தப் பனி கண்மாயில் விழுந்ததும் கரைந்தது. வெடித்துக் கிடந்த கண்மாயின் அடியில் தண்ணீர் மினுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்த, கண்மாயை நம்பி விதைக்கிற ஒரு சம்சாரி, "கண்மாய் நெறையுதே மாமா, கொஞ்சம் மெதுவாத்தான் அள்ளுவமே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பட்டாளத்தார் அவரை வையவில்லை. தன் மம்பட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையால் அள்ள ஆரம்பித்தார். அந்த சம்சாரி அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நிமிரவில்லை.

"பேசிக்கிட்டே தோண்டுங்க" என்றார் பட்டாளத்தார். "பனிக்குள்ள கெடக்கிறவன் குளிர்ல சாக மாட்டான், தூக்கத்துல சாவான். தூங்க விடக் கூடாது. நாங்க எங்காளுகளைத் தோண்டையில கெட்ட வார்த்தையாச்சும் பேசிக்கிட்டேதான் தோண்டுவோம்."

அதனால் எல்லாரும் பேசினார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் பனியைப் பார்த்துப் பேசினார்கள். ஆடு குட்டி போட்டதை, மருமகள் கோபித்துக்கொண்டு போனதை, சாத்தூர் வெள்ளரிக்காய் கசந்ததை. இதுவரை ஒரு கடுதாசி கூட எழுதாத ஆண்களெல்லாம் அன்றைக்கு முகம் தெரியாத பையனிடம் குடும்பக் கதை சொன்னார்கள்.

மத்தியானத்துக்குள் வீடுகள் ஒவ்வொன்றாகத் தரை தெரிந்தன. ஆனால் சீனித்தாய் வீட்டில் தரை தெரிந்த இடத்தில் பனி மறுபடி ஊறியது. கந்தையா கடையிலும் அப்படியே. வெட்ட வெட்ட ஊற்றுத்தண்ணீர் போல எங்கிருந்தோ வந்தது. சீனித்தாய் நிமிர்ந்து நின்றாள். யார் யார் கையை நீட்டினார்கள், யார் முந்தானையை விரித்தார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

அப்புறம் கீழத்தெருவைப் பார்த்து ஓடினாள்.

குருவம்மாளின் ஓட்டு வீடு உள்பக்கம் தாழ் போட்டுக் கிடந்தது. ஓட்டு இடுக்கிலெல்லாம் வெள்ளை பிதுங்கியது. ஜன்னல் கம்பிக்கு உள்ளே சுவர்போலப் பனி, மேலே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே பார்த்தால், இரும்புப்பெட்டியின் மேல் குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள். பனி அவள் இடுப்புக்கு இருந்தது.

ஆட்கள் ஜன்னல் வழியே கைவிட்டு அள்ளினார்கள். அள்ளின இடம் அந்த நிமிசமே நிறைந்தது. பட்டாளத்தார் கடப்பாரையை எடுத்து வந்தார்.

"வேண்டாம் மாமா" என்றார் கந்தையா. சர்பத் கடைக்காரர் அன்றைக்குப் பேசின ஒரே விளையாட்டில்லாத பேச்சு அதுதான். "மத்த வீடுகள்ல வீட்டுக்காரங்களே மொதல்ல அள்ளுனாக, தரையாச்சும் தெரிஞ்சுச்சு. இங்க அள்ளாததுனாலதான் அங்கயும் ஊறுது. முறையாக் கொடுத்த பண்டம். பிடுங்குனா அடங்காது. அவுகளா விடணும்."

சீனித்தாய் ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"மதினி, கதவைத் திற."

குருவம்மாள் பெட்டியின் மேல் இன்னும் இறுக்கி உட்கார்ந்தாள்.

"மதினி, நான் சீனி."

"தெரியுது. போ."

"உள்ள ஒரு பய கெடக்கான் மதினி. மூச்சு இருக்கு. நான் கேட்டேன்."

"எம் புள்ளையும்தான் கெடந்தான். அவனை யாரு வந்து தோண்டுனா?"

பட்டாளத்தார் கடப்பாரையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"பெட்டியத் திறக்கக் கூடாதுன்னுட்டாக" என்றாள் குருவம்மாள் உள்ளிருந்து. குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "மூஞ்சியக் கூடத் தொடல. உள்ள இருக்கிறது அவன்தானான்னு நான் எவன்கிட்ட கேக்க? இது அவன் மேல கெடந்த பனி, சீனி. அவன் கடைசியாத் தொட்டது இதைத்தான். இதை அள்ளிக் கண்மாயில கொட்டுன்னா சொல்லுத? கொட்டிட்டு நான் எதைத் தொட?"

ஜன்னல் கம்பியில் காதை வைத்தாள். ஒரு மூச்சு. மனசுக்குள் பாகு கொதித்து அடங்கியது, இன்னொரு கொதி கொதித்து அடங்கியது, மூன்றாவதும் அடங்கியது. அப்புறம்தான் அடுத்த மூச்சு வந்தது.

திற என்று இனிமேல் அவள் கேட்கவில்லை. கேட்கிற வேளை போய்விட்டது. ஜன்னலுக்கு அடியில், வெயிலில் கொதித்த மண்ணில், காலை மடக்கி உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுத வேண்டிய கடுதாசியைச் சனிக்கிழமையே, பேனா இல்லாமல், தாள் இல்லாமல், சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அன்புள்ள தம்பி உச்சிமாகாளிக்கு, அக்கா எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம்." அங்கே அவள் குரல் ஒரு தடவை உடைந்தது. "உன் நலம் அறிய ஆவல். குழாயடிச் சண்டை என்னாச்சுன்னு கேட்டிருந்த. கேளு. அந்தப் பச்சைக் குடம் என்னுதுன்னு பெரியதாயி சொன்னா, இல்ல என்னுதுன்னு செம்பகம் சொன்னா, அது உனக்குத் தெரியும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ராவோட ராவா அதைத் தூக்கிட்டுப் போனதும் உனக்குத் தெரியும். நேத்து வெள்ளிக்கெழமை, சாமி முன்னால சத்தியம் பண்ணுவோம்னு ரெண்டு பேரும் காளியம்மன் கோயிலுக்குப் போனாளுக. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஈரச்சேலையோட, குடத்தை நடுவுல வச்சு, சூடம் பொருத்தி, ஒருத்தி சொல்லுதா, என் குடம் இல்லைன்னா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்னு. இன்னொருத்தி சொல்லுதா, என் குடம் இல்லைன்னா என் கை வெளங்காமப் போகட்டும்னு. ஊரே நிக்கி. பூசாரி பொன்னையா தேங்காயை உடைச்சு வச்சுட்டு, சூட வெளிச்சத்துல குனிஞ்சு குடத்தைப் பாக்காரு. பாத்துக்கிட்டே இருக்காரு. பொறவு மெதுவா நிமுந்து கேக்காரு: ஏ தாயிகளா, இது நம்ம கோயில் குடம்லா? கார்த்திகையில இருந்து நான் கெணத்துக்குள்ள ஆள் விட்டுத் தேடிக்கிட்டிருக்கேனே!"

சுற்றி நின்றவர்களுக்குத் தெரிந்த கதைதான். பனிச்சேறும் வியர்வையுமாக நின்றவர்களில் ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை.

ஆனால் ஒரு சிரிப்புக் கேட்டது.

சீனித்தாய்க்கு முதலில் கேட்டது. பிறகு ஜன்னலோரம் நின்ற எல்லாருக்கும். வீட்டுக்குள்ளே, பனிக்கு அடியிலே, மூக்கடைத்த ஒரு இளந்தாரி வயிறு எக்கிச் சிரித்தது போல ஒரு சத்தம், சிரிப்பு முடிகையில் இருமலாகிப் போனது.

குருவம்மாள் எழுந்து நின்றாள்.

"ராசு?" என்றாள்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் சீனித்தாய் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ராசு இல்லை மதினி, அது வேறே பயல் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை, சொல்லவும் கூடாது என்று எதுவோ தடுத்தது.

"ராசு! ஏலே ராசு! தூங்காதலே, அம்மா வந்துட்டேன்லே!" குருவம்மாள் கவிழ்ந்து விழுந்து ரெண்டு கையாலும் பனியைப் பறித்தாள். கோழி குப்பையைக் கீறுவது போலக் கீறி, வாரி வாரிப் பின்னால் எறிந்தாள். இரும்புப்பெட்டியை இழுத்துத் திறந்து சட்டைகளின் மேல் இருந்த அந்தக் கைப்பிடிப் பனியையும் எடுத்துத் தூர எறிந்தாள். அவள் எறிந்த பனி திரும்ப ஊறவில்லை. தாழ் தானாகக் கழன்று கதவு விரிந்தது. உள்ளே நுழைந்தவர்கள் அவளுக்குப் பக்கத்தில் தோண்ட இடம் கிடைக்காமல் நின்றார்கள். அவள் யாரையும் விடவுமில்லை.

கடைசியில் ஒரு குழி தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக் குழி. உள்ளே ஆள் இல்லை. குருவம்மாள் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அவள் முகத்தை மட்டும்தான் சீனித்தாயால் பார்க்க முடிந்தது. எதையோ தொட்டவள் முகம் போல இருந்தது. உதடு அசைந்தது. என்ன என்று சீனித்தாயின் காதுக்கும் எட்டவில்லை, ஏனென்றால் அதே நேரத்தில் குழி இடிந்து, வீட்டில் இருந்த பனியெல்லாம் ஒரே மூச்சில் தண்ணீராகி, நின்றவர்களை முழங்காலில் அடித்துக்கொண்டு வாசல் வழியாகத் தெருவுக்குப் பாய்ந்து கண்மாயைப் பார்த்து ஓடியது.

ஊரில் அதற்குப் பிறகு ஒரு பொட்டுப் பனி இல்லை. கந்தையா கையில் வெறும் நூல் தொங்கியது.

சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள், புதைந்த கூடாரத்திலிருந்து ஒருவரை மட்டும் உயிரோடு எடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் பேரை மறுநாள் வாசித்தபோது நல்லமுத்தன்பட்டிக்காரர்கள் டிவி முன்னால் எழுந்து நின்று கேட்டார்கள். எந்த எந்த ஊரோ, எந்த எந்தப் பாசையோ. அவர்களுக்கு எந்த டப்பாவும் எங்கேயிருந்தும் போயிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் உட்கார இடமில்லை, ஆண்களும் வந்திருந்தார்கள்.

குருவம்மாளுக்கு விரல்நுனி எல்லாம் கறுத்து, ரெண்டு நகம் விழுந்தது. சொளகு பிடித்தால் விரலுக்கு உணர்ச்சி இல்லை என்பாள். அன்றைக்குக் குழிக்குள் எதைத் தொட்டாள் என்று சீனித்தாய் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒருநாள், கோவில்பட்டி பஸ்ஸிலிருந்து ஒரு பையன் காலைத் தாங்கித் தாங்கி இறங்கி, விசாரித்து, கொட்டகைக்கு வந்தான். கையில், ஆஸ்பத்திரிக்குச் சீனித்தாய் அனுப்பின தகர டப்பா. அடுப்பில் பாகு கொதித்தது, சீனித்தாயால் இறக்கவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

"அக்கா, நான் மாகாளி" என்றான். டப்பாவை நீட்டினான். வாங்கி அசைத்துப் பார்த்தாள், வெறும் டப்பா. பையன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆஸ்பத்திரியில இருந்து நேரா வாரேன்கா. உள்ள போட ஒண்ணும் கெடைக்கல."

"கோட்டிப் பயலே" என்றாள் சீனித்தாய். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

பெண்டுகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தண்ணி கொடுத்தாள், ஒருத்தி கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள், குழாயடிச் செம்பகம் தானே செம்பகம் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவன் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஓரத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்த சொளகு நின்றது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றான் பையன். "இந்த ஊர்ல ராசுன்னு யாரு?"

பெண்டுகள் சொளகு நின்ற ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உள்ள கெடக்கையில நீங்க குடத்துக் கதை சொன்னது கேட்டுச்சு. அது முடிஞ்சதும் இருட்டிக்கிட்டு வந்துச்சு, எனக்குப் போதும்னு ஆயிருச்சு. அப்பம் ஒரு அம்மா ராசு, ராசுன்னு கூப்பிட்டாக. ஒரு கை வந்து என் மூஞ்சியத் தடவுச்சு. நான் ராசு இல்லைன்னு சொல்லியிருக்கணும். சொல்லலக்கா. வாரேம்மான்னு சொல்லிட்டேன். யாருக்கோ வந்ததை நான் வாங்கிக்கிட்டேன். அதான், யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு..."

குருவம்மாள் எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த கடலைத்தோலைத் தட்டிவிட்டாள். கூட்டம் விலகியது. அவள் வந்து, கறுத்த விரல்களால் அவன் நெற்றியை, மூக்கை, தாடையை ஒவ்வொன்றாகத் தடவினாள். உணர்ச்சியில்லாத விரல் என்பதால் ரொம்ப நேரம் தடவினாள். பிறகு சீனித்தாய் மடியில் கிடந்த வெறும் டப்பாவை எடுத்துத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"வாரேன்னு சொன்னவன் இம்புட்டு நேரமாலே?" என்றாள். "நட. சோறு ஆறுது."